கைமாற்று

இரவுக் கப்பல் பத்ராஸ் துறையை விட்டு ஊதும்போது
தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரும் நிமிர்வதில்லை.
எட்டுப் படுக்கை. எட்டு மூச்சு இயந்திரம்.
ஒரே ஜன்னல், அதுவும் திறக்காது.

மூன்றில் ஸ்தமாத்திஸ்,
படகின் கயிறு அறுந்து மார்பில் அடித்தவர்.
ஒன்பதாம் நாள் அவருடைய சளியில் தெரிந்தது,
கிளெப்சியெல்லா.
ஆய்வகத் தட்டில் ஆறு மருந்து வில்லைகள் வைத்துப் பார்த்தார்கள்;
ஒன்றைச் சுற்றியும் வட்டம் விழவில்லை.
வில்லையின் விளிம்புவரை வளர்ந்து
ஈரக் கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

பிறகு இரண்டு: கிரியக்கூலா,
முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
பிறகு, நான்கையும் ஐந்தையும் விட்டுவிட்டு, ஆறு.

காலில்லாதது. இறக்கையில்லாதது.
எப்படித் தாண்டிற்று?

அதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
தொற்றுத் தடுப்புச் செவிலி என்று அட்டையில் போட்டிருக்கும்.
நான் உள்ளே நுழைந்ததும்
எல்லோருக்கும் சானிடைசர் ஞாபகம் வரும்,
போலீசைக் கண்டதும் தலைக்கு ஏறும் ஹெல்மெட்போல.

கைமாற்றுக்கு வட்டி கிடையாது,
எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது.
எக்ஸ்ரே பலகையைச் செருகிய கை,
புரட்டிப் படுக்கவைத்த கை,
ஒருவர் நெற்றியைத் தடவிவிட்டு
அடுத்தவர் குழாயைச் சரிசெய்த கை.
தடவியது அன்பால்தான்.

மூன்றுக்கும் இரண்டுக்கும் ஆறுக்கும் பொதுவானவள் ஃபோதினி.
இரவுப் பணி, மூன்று பேருக்கு ஒருத்தி.
அவளைத்தான் அழைத்தேன்.
வாதாடவில்லை. கைகளை என் மேசைமேல் வைத்தாள்.
விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, மணிக்கட்டில் ரத்தக் கோடு.
ஓர் இரவில் எண்பது முறை கழுவுகிறாளாம்.
"இன்னும் எவ்வளவு?" என்றாள்.

நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொண்டவன் ஆகிஸ்.
சோம்பேறி என்று பெயரெடுத்தவன்.
தொட்டிவரை நடக்கமாட்டான்,
கட்டில் முனையில் தொங்கும் புட்டியோடு சரி.

தொட்டிவரை நடக்கமாட்டான்.
இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.
பிறகு திறந்தேன்.

மறுநாள் தொட்டியின் துளையில் பச்சைச் சாயம் ஊற்றி,
விளக்கை அணைத்து, ஊதா ஒளியைப் பிடித்தோம்.
குழாயைத் திருகியதும் நீர் நேரே துளையில் விழுந்து
துள்ளித் திரும்பியது.
விளிம்பில் வைத்திருந்த உணவூட்டும் சிரிஞ்சுகளில் பச்சைப் புள்ளி.
ஃபோதினியின் சட்டைக் கையில், கழுத்தில், புள்ளி.
தொட்டிக்கு மேலே நான் ஒட்டிய
'கை கழுவுங்கள்' அட்டையில்
அம்மை போட்டதுபோல்.

வளைகுழாயைக் கழற்றினால் கொழகொழவென்று ஒரு பிடி;
அதில் ஸ்தமாத்திஸின் சளியிலிருந்த அதே கிருமி.
எதைத் தின்று இவ்வளவு வளர்ந்தது?
குழாய் உணவின் மிச்சம், முகம் துடைத்த நீர்,
அப்புறம் தினமும் பதினொரு மணிக்கு
ஆறிப்போன என் காப்பியின் கடைசி வாய்.
சர்க்கரை இரண்டு கரண்டி.

கிரியக்கூலா வியாழக்கிழமை போனாள்.
சான்றிதழில் இதயம் என்று இருக்கிறது.
மகன் பாரியிலிருந்து கப்பலில் வந்தான்,
என் கையைப் பற்றி நன்றி சொன்னான்.
தொற்றைச் சொன்னேன். தொட்டியைச் சொன்னேன்.
காப்பியைச் சொல்லவில்லை.
கைகழுவுவது என்பது இதுதானோ என்னவோ.

இப்போது தொட்டி இல்லை.
மூடிபோட்ட இரண்டு குழாய்முனை, சிமெண்ட் ஈரம், அவ்வளவே.
சனிக்கிழமை பின்னிரவு நான்கு மணிக்குப் பார்த்தேன்:
ஃபோதினி ஆறிலிருந்து வந்தாள்,
முழங்கை மடித்து, இரு கையும் முன்னே நீட்டி,
வெறும் சுவரின் முன் நின்றாள்.
சற்று நேரம் அப்படியே நின்றாள்.
பிறகு புட்டியைத் தேடித் திரும்பினாள்.